குளிரைச் சகிக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் நம் மாணவர்கள் பலர் மேற்படிப்புக்காக பிரிட்டனுக்குப் புறப்படுகிறார்கள். பெட்டியில் குளிர்ச்சட்டை இருக்கும், மசாலாத்தூள் இருக்கும், சிலரிடம் ரைஸ் குக்கர்கூட இருக்கும். ஆனால், வீட்டைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்று எவரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் வெயிலில் வளர்ந்த நமக்கு வீட்டைக் குளிர்விக்கத்தான் தெரியும்.

முதலாண்டில் பல்கலைக்கழக விடுதி என்பதால் சிக்கல் தெரியாது. இரண்டாம் ஆண்டில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். நவம்பரில் ஒரு நாள் அறையின் ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடக்கும். அப்போது பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் மூன்று சட்டை போட்டுக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்து படிப்பார்கள். வேறு சிலர் கடையில் மின்சார ஹீட்டர் வாங்கி வந்துவிடுவார்கள். இரண்டுமே தேவையற்றவை என்பது என் கருத்து.

வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குளிர்ந்த சுவரில் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது பெரும் தொல்லை. மின்சார ஹீட்டரோ பணத்தை விழுங்கும். பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை எரிவாயுவைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே, இருக்கும் ரேடியேட்டர் ஏன் சூடாகவில்லை என்று பார்ப்பதே அறிவுடைமை.

அந்த அமைப்பு ஒன்றும் புதிரல்ல. பாய்லர் எரிவாயுவால் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்பு அதைக் குழாய் வழியே ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் அனுப்புகிறது. சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் மீண்டும் பாய்லருக்கே திரும்புகிறது. இந்தச் சுற்று எங்கே தடைப்பட்டது என்பதுதான் கேள்வி. கையால் தொட்டுப் பார்த்தே பாதி விடையைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், எல்லா ரேடியேட்டர்களும் குளிர்ந்துள்ளனவா, ஒன்று மட்டுமா என்று பாருங்கள். எல்லாமே என்றால் அறையில் தேட வேண்டியதில்லை. முன்பணம் செலுத்தும் மீட்டராக இருந்தால் அதில் பணம் தீர்ந்திருக்கலாம். வீட்டு நண்பர் யாராவது தெர்மோஸ்டாட்டைக் குறைத்திருக்கலாம், நேரக்கருவி மாறியிருக்கலாம். பாய்லரின் அழுத்தமானியையும் பாருங்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது முள் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் குறைந்துள்ளது. நிரப்பிய பிறகும் மீண்டும் மீண்டும் இறங்கினால் எங்கோ கசிகிறது.

ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் பக்கத்தில் உள்ள வால்வைப் பாருங்கள். பெரும்பாலும் 0 முதல் 5 வரை எண்கள் இருக்கும். அந்த வால்வு தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை உணர்ந்து வேலை செய்வது. தடித்த திரைச்சீலையோ சோபாவோ அதை மூடியிருந்தால், அறை சூடாகிவிட்டதென்று எண்ணித் தண்ணீரை நிறுத்திவிடும். கோடை முழுவதும் மூடிக் கிடந்தால் வால்வுக்குள் இருக்கும் சிறு ஊசி இறுகிக்கொள்வதும் உண்டு.

மேல்பாதி குளிர்ந்து கீழ்ப்பாதி சூடாக இருந்தால் உள்ளே காற்று சேர்ந்துள்ளது. இதை நீங்களே சரிசெய்யலாம். முதலில் சூடேற்றியை நிறுத்தி ரேடியேட்டரை ஆறவிடுங்கள். சில பவுண்டுக்குக் கிடைக்கும் சிறிய சாவியால் மேல் மூலையில் உள்ள திருகை இடப்பக்கமாக அரைச்சுற்று மட்டும் திருப்புங்கள். முழுவதும் கழற்றக் கூடாது. 'உஸ்' என்று காற்று வெளியேறும். தண்ணீர் துளிர்த்ததும் மூடிவிடுங்கள். அடியில் துணியும் கிண்ணமும் அவசியம். அந்தத் தண்ணீர் கறுப்பாக இருக்கும். கம்பளத்தில் பட்டால் உங்கள் வைப்புத்தொகையில் கைவைப்பார்கள். முடிந்ததும் அழுத்தமானியை மறுபடி பாருங்கள்.

அடிக்கடி இப்படிக் காற்று சேர்கிறதா? அது வெறும் காற்றாக இல்லாமல், உள்ளே இரும்பு அரிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனாகவும் இருக்கலாம். அருகே நெருப்பு வேண்டாம். மேலே சூடாகவும் கீழே நடுவில் குளிர்ந்தும் இருந்தால், அரிப்பால் உண்டான கறுப்பு வண்டல் அடியில் தங்கிவிட்டது. அதை அலசி எடுப்பது தொழில் தெரிந்தவரின் வேலை.

ஒரு எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். பாய்லரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அங்கே எரிவாயு வேலையைக் கேஸ் சேஃப் பதிவு பெற்றவர்தான் செய்யலாம். அவரிடம் அடையாள அட்டையைக் கேட்பதில் தவறில்லை. எரிவாயு வாடை வந்தால் வெளியே சென்று 0800 111 999 என்ற எண்ணை அழையுங்கள்.

"வாடகை கொடுக்கிறோம், இதையெல்லாம் நாம் ஏன் பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில், சூடேற்றும் அமைப்பைப் பழுதின்றி வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை என்று 1985ஆம் ஆண்டின் உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது. செலவு அவருடையது. ஆனால், "ஹீட்டர் சரியில்லை" என்று மட்டும் எழுதினால், "சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்" என்ற பதிலோடு ஒரு வாரம் ஓடிவிடும். "மாடி அறை ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி மட்டும் குளிர்ந்துள்ளது. மற்ற ஐந்தும் சூடாக உள்ளன. அழுத்தம் 1.3. காற்றை வெளியேற்றியும் மாற்றமில்லை" என்று தேதியோடும் படத்தோடும் எழுதிப் பாருங்கள். தட்டிக்கழிப்பது கடினம். வருபவரும் உரிய கருவியோடு வருவார். அப்படியும் அசையாவிட்டால் அந்தக் கடிதமே பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசகரிடம் காட்ட உதவும் சான்று.

நம் வீடுகளில் "அனுசரித்துப் போ" என்று சொல்லியே பிள்ளைகளை அனுப்புகிறோம். மனிதர்களிடம் அது நல்ல பண்பு. பழுதான குழாயிடம் அனுசரிக்க ஒன்றுமில்லை. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்கி ஒரு குளிர்காலம் முழுவதும் நடுங்கினால், நட்டம் உடம்புக்கும் தேர்வுக்கும்தான்.

எனவே ஒரு வேண்டுகோள். மாணவர்களை வழியனுப்பும் விளக்கக் கூட்டங்களில் விசா, வங்கிக் கணக்கு பற்றிப் பேசும்போது இதற்கும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே படித்துத் திரும்பிய அண்ணன்மாரும் அக்காமாரும் அந்தச் சிறிய சாவியைக் கையோடு கொண்டுவந்து காட்டட்டும். புறப்படும் தம்பி தங்கைகளே, வாடகை வீட்டில் நுழையும் முதல் வாரத்திலேயே, அக்டோபர் குளிர் தொடங்கும் முன், எல்லா ரேடியேட்டர்களையும் ஒருமுறை ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள். குறை இருந்தால் அன்றே எழுதிவிடுங்கள்.