அலமாரி யாஷிகாவுக்குத் தோட்டத்தில் வேலை இருக்கிறது

ஈப்போ பழைய நகரத்தின் பங்லிமா சந்துக்குள் சனி, ஞாயிறுகளில் நுழைந்தால், கழுத்தில் ஃபிலிம் கேமரா தொங்க நடக்கும் இளையவர்களைப் பார்க்கலாம். அப்பா காலத்துக் கேனான், தாத்தா வைத்திருந்த யாஷிகா, இணையத்தில் பேரம் பேசி வாங்கிய மினோல்டா. சுவர்ச் சித்திரத்தின் முன்னால் ஒரு படம், கோப்பிக் கடை வாசலில் ஒரு படம், சுருள் முடிந்துவிடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் கையிலிருக்கும் பழைய கேமராக்களில் பல ரப்பர்த் தோட்டத்து வீடுகளிலிருந்து வந்தவை. அங்கே அவற்றுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதை முடிக்க அதிகக் காலமும் இல்லை.

யாஷிகா எலக்ட்ரோ 35ஐ எடுத்துக்கொள்வோம். 1966இல் ஜப்பானில் வெளிவந்தது. 1973இல் வந்த ஜிஎஸ்என் மாதிரி இன்றும் பழைய பொருள் கடைகளில் கண்ணில் படும். 45 மி.மீ. லென்ஸ், எஃப் 1.7 வரை திறக்கும். கழற்றி மாற்ற முடியாது. லென்ஸின் துவாரத்தை நாம் வைத்தால் போதும்; ஷட்டர் வேகத்தை, விநாடியில் 500இல் ஒரு பங்கிலிருந்து 30 விநாடி வரை, கேமராவே முடிவு செய்துகொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால் மஞ்சள் விளக்கு, மிஞ்சினால் சிவப்பு விளக்கு. மாதச் சம்பளம் வாங்கிய கிராணியும் (தோட்ட எழுத்தர்) ஆசிரியரும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரும் படிக்காமலே பழகிக்கொள்ளக்கூடிய கருவி அது. கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்றால் அந்த ஒரு கேமராதான் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு லயம் போய்வரும்.

யாஷிகா நிறுவனத்தை 1983இல் கியோசெரா வாங்கியது. 2005இல் கியோசெரா கேமராத் தொழிலையே மூடியது. மினோல்டாவின் கதையும் அதே காலத்தில் முடிந்தது: 2003இல் கோனிக்காவோடு இணைந்து, 2006இல் கேமராவைக் கைவிட்டது. கேனான் 1987இல் தன் லென்ஸ் பொருத்தும் வளையத்தையே மாற்றியதால், அதுவரை விற்ற எஃப்டி லென்ஸ்கள் புதிய கேமராக்களில் நேரடியாகப் பொருந்தாமல் போயின. நிக்கோன் மட்டும் 1959இல் வைத்த எஃப் வளையத்தைப் பல பத்தாண்டுகள் விடாமல் காப்பாற்றியது. ஆக, இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு உதிரிப் பாகம் தரும் கம்பெனி இப்போது கிடையாது. ஒன்றைப் பிழைக்க வைக்க இன்னொன்றைப் பிரித்தாக வேண்டும்.

எலக்ட்ரோவின் பலவீனம் எது தெரியுமா? ரப்பர். உள்ளே ஒரு சின்ன ரப்பர் திண்டு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கிடந்து அது பொடிந்துபோனால் ஷட்டர் வேகம் தப்பிவிடும். நல்ல நிலையில் இருந்தால், படம் எடுத்து முடித்து ஃபிலிமை இழுக்கும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சத்தம் வராவிட்டால் திண்டு போய்விட்டது என்று அர்த்தம். மேல்மூடியைக் கழற்றி, அதே கனத்தில் புதிய துண்டு வெட்டி ஒட்டப் பொறுமை வேண்டும், பெரிய செலவு வேண்டாம். பாட்டரியும் அப்படித்தான். முதலில் போட்ட 5.6 வோல்ட் பாதரச பாட்டரி சந்தையை விட்டே போய்விட்டது. இன்று 6 வோல்ட் 4எல்ஆர்44 பாட்டரியை ஒரு குழாய்த் துண்டும் சுருள் கம்பியும் வைத்துப் பொருத்தினால் கேமரா விழித்துக்கொள்கிறது. பல பழைய கேமராக்களில் பின்கதவு ஓரத்துப் பஞ்சு பிசினாகிப் போயிருக்கும். வெளிச்சம் உள்ளே கசிவது அதனால்தான். அதையும் வீட்டிலேயே சுரண்டி மாற்றலாம்.

லென்ஸ் வேறு விஷயம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வதை இங்கே கேமரா வைத்திருந்த எவரும் அறிவார்கள். கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரியும். விட்டுவைத்தால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்துப் பயனில்லை. பத்திரம் என்று நினைத்துத் தோல் உறைக்குள் பூட்டி வைத்ததுதான் பல லென்ஸ்களைக் கெடுத்தது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு உணவாகவும் ஆகும். உறையைத் தனியே வைத்து, லென்ஸைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைப்பதும், அடிக்கடி எடுத்து வெயில் காட்டிப் பயன்படுத்துவதும்தான் வைத்தியம். 1960, 70களின் சில பென்டாக்ஸ் தக்குமார் லென்ஸ்கள் வேறு காரணத்தால் மஞ்சளாகும்: அவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. தோரியம் என்ற பெயரைக் கேட்டதும் ஈப்போ பக்கத்துப் பெரியவர்களுக்கு புக்கிட் மேராவில் 1982 முதல் 1994 வரை இருந்த ஏஷியன் ரேர் எர்த் ஆலையும், அதன் கதிரியக்கக் கழிவை எதிர்த்து மக்கள் நடத்திய நீண்ட வழக்கும் நினைவுக்கு வரும். லென்ஸில் இருப்பது மிகக் குறைந்த அளவு. அந்த மஞ்சளும் சில வாரம் வெயில் பட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இத்தனை பாடுபட்டு உயிர் கொடுத்த கேமராவைக் கண்ணாடி அலமாரியில் வைப்பதா? கேமராவுக்குக் கண்காட்சியைப் போலக் கெடுதல் செய்வது வேறில்லை. ஷட்டர் இயங்காமல் கிடந்தால் எண்ணெய் உறையும், வளையம் இறுகும். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்கான காரணமோ கேமராவைவிடப் பழையது.

பேராக்கில் ரப்பரின் வரலாறு 1877இல் கோலகங்சாரில் ஊன்றிய கன்றுகளோடு தொடங்குகிறது. அங்கே ஒரு மூத்த மரத்தை இன்றும் காட்டுகிறார்கள். அந்த மரத்தின் பரம்பரையைச் சீவ வந்த நம் முன்னோர்களின் முகம் ஆரம்பத்தில் எப்படிப் பதிவானது? வெள்ளைக்கார ஸ்டுடியோக்கள் விற்ற அஞ்சலட்டைகளில், ‘தமிழ்க் கூலிகள்’ என்ற தலைப்பின் கீழே. தோட்டத்தின் பெயர்கூடச் சில அட்டைகளில் உண்டு. வாளியோடு நிற்கும் பெண்ணுக்குப் பெயர் கிடையாது.

இரண்டாவது முறை கேமரா வந்தது அரசாங்க உத்தரவோடு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டு, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் படம் ஒட்டிய அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பால்மரக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ பேருக்கு வாழ்க்கையின் முதல் புகைப்படம் அந்தக் கார்டுக்காக எடுத்ததுதான். விறைத்த தோள், நேர்ப்பார்வை, சிரிப்பில்லாத முகம். பல வீடுகளில் பூஜையறையில் மாட்டியிருக்கும் தாத்தாவின் படம், அந்தத் தம்மாத்துண்டுப் படத்தைப் பெரிதாக்கியதுதான்.

கிராணி வீட்டு யாஷிகா வந்தபோதுதான் தோட்டத்து மனிதர் தோட்டத்து மனிதரைப் படம் எடுத்தார். எடுத்தவருக்கு எதிரே நின்றவரின் பெயர் தெரியும், அவர் பால் வெட்டும் மர நிரை தெரியும், அவர் மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதும் தெரியும். அந்தப் படங்களில்தான் நம்மவர்கள் சிரிக்கிறார்கள். இது சாதாரண மாற்றமல்ல. ஒரு சமூகம் தன் முகத்தைத் தானே பார்க்கத் தொடங்கிய காலம் அது. அந்தக் காலத்தின் கருவியைத் தெருவோர அலங்காரமாகக் குறைத்துவிடக் கூடாது.

தோட்டங்களோ போய்க்கொண்டே இருக்கின்றன. சுதந்திரத்தையொட்டித் தோட்டங்களைப் பிரித்து விற்கும் துண்டாடல் தொடங்கியது. அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது அதைத் தடுக்கத்தான். அவர் பிறந்த சுங்கை சிப்புட்டில் இன்று செம்பனை நிற்கிறது, வீடமைப்புத் தாமான் நிற்கிறது. ரப்பர் இருந்த இடத்துக்கு அடையாளமாகப் பெரும்பாலும் மிஞ்சியது சாலையோரத்து மாரியம்மன் கோவிலும், எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி, டவன்பி தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளிகள் சுமக்கும் பெயர்களும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, பால் நிறுக்கும் இடம் இவற்றின் மிச்சம் இன்னும் சில இடங்களில் உண்டு. அவற்றைக் காட்டி, ‘இங்கேதான்’ என்று சொல்லக்கூடியவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது.

கைப்பேசியில் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். எடுக்கட்டும், அதுவும் வேண்டும். ஆனால் கைப்பேசியில் ஐயாயிரம் படத்துக்குள் புதையும் ஒரு முகத்தை, ஃபோன் மாற்றியபின் எத்தனை பேர் தேடி எடுக்கிறார்கள்? 36 படம் கொண்ட சுருள் எடுப்பவரை நிதானிக்க வைக்கிறது. சுருளுக்கும் கழுவுகூலிக்கும் காசு கொடுத்தவர் மூதாட்டியை உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்து, அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்யும்வரை காத்திருக்கிறார். முடிவில் கையில் கிடைப்பது ஒரு பொருள். கடவுச்சொல் கேட்காது, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலே யார் என்று தெரியும்.

அந்த நிதானம் பால்மரக் காட்டில் கட்டாயமாகிவிடுகிறது. காலை ஏழரைக்கு, ஏஎஸ்ஏ 100 ஃபிலிம் போட்ட எலக்ட்ரோவைக் கிளைக் கூரையின் கீழே எஃப் 2.8இல் வைத்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கு எரியும். ஷட்டர் விநாடியில் 30இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது, கை ஆடினால் படம் போச்சு என்று சொல்கிறது. மரத்தில் சாய்ந்துகொண்டு மூச்சை அடக்கி எடுக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிரும்போது அதே நிரை பளீரென்று திறந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பழைய கேமராக்காரர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்தார்கள். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக நினைத்துக் கணக்குப் போடும். வெள்ளைச் சட்டையும் கறுத்த முகமுமாக ஒருவர் நின்றால் அது சட்டையை நம்பி முகத்தை இருட்டாக்கிவிடும். ஃபிலிமும் நம் நிறத்தை மனதில் வைத்துச் செய்ததல்ல. கோடாக் நிறம் சரிபார்க்க ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் படம். கனடாவின் லோர்னா ராத் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கோடாக் தன் ஃபிலிமைத் திருத்தியதற்குக் கறுப்பு மக்களின் முறையீட்டைவிட, சாக்லேட், மரச்சாமான் விளம்பரக்காரர்களின் புகாரே தூண்டுதலாக இருந்தது என்பது அவர் கண்டது. யாஷிகாக்காரர் செய்யக்கூடியது எளிது: ஏஎஸ்ஏ 400 ஃபிலிமுக்கு ஏஎஸ்ஏ வளையத்தை 200இல் வைத்தால் ஒரு மடங்கு வெளிச்சம் கூடும். நம் பாட்டிமார் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் விழும்.

ஃபிலிம் இன்னும் கிடைக்கிறது. 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்த கோடாக் இன்றும் சுருள் செய்கிறது, கைவிட்ட எக்டாகுரோமை 2018இல் திரும்பக் கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் புத்தம் புதிய ஃபிலிம் கேமராவையே வெளியிட்டது. கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். மருந்து 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்பதால், ஈப்போ குழாய்த் தண்ணீருக்கு ஒரு வாளி ஐஸ் மட்டும் கூடுதல் தேவை.

கவலை தருவது வேறு. கடையில் கொடுத்துக் கழுவும் இளையவர்களில் பலர் மின்படியைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டு நெகட்டிவைக் கடையிலேயே விட்டுவிடுகிறார்கள். காசு கொடுத்துப் பெற்றதில் மிக மதிப்புள்ளதைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரர் கேட்காவிட்டாலும் நெகட்டிவைக் கேட்டு வாங்க வேண்டும். பரணில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் பழைய நெகட்டிவ்களையும் இந்த வாரமே திறந்து பார்க்க வேண்டும். புளிக்காடி வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதைத்தான் மின்படி எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிப்போய் மின்படி எடுக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு செய்தது. ஈப்போவின் பழைய படங்களைச் சேர்த்து இணையத்தில் வைத்திருக்கிறது ஈப்போவேர்ல்டு தளம். பேராக் தோட்டக் குடும்பங்களின் பெட்டிகளுக்கும் அப்படி ஒரு முயற்சி வேண்டும். அதற்கு முதலில் ஒரு கட்டடமோ மானியமோ தேவையில்லை. முன்னாள் தோட்ட மக்கள் ஒன்றுகூடல் நடக்கும் மண்டபத்தில் ஒரு மூலையில் ஒரு நாற்காலி, ஒரு யாஷிகா, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வந்தவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து எடுக்கலாம். பழைய படம் கொண்டுவருபவரிடம் அதில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதலாம். பிரதி போட்டதும் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். ‘பாட்டி’, ‘பெரியம்மா’ என்று எழுதினால் அடுத்த தலைமுறைக்கு யாருடைய பாட்டி என்று தெரியாது. முழுப்பெயர், தோட்டம், எந்த டிவிசன், வெட்டு வேலையா களை வேலையா, படம் எடுத்த ஆண்டு, எடுத்தவரின் பெயர்: இவ்வளவும் ஒரு பிரதியின் முதுகில் தாராளமாக அடங்கும்.