இரவு முழுக்கச் சுழலும் கரி

பசுங்குடில் வாயுக்களை அதிகம் வெளியேற்றும் நாடுகளில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் நம் பங்கு உலக சராசரியில் பாதிகூட இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கரியை எரித்துச் செழித்த நாடுகள் இருக்க, நாம் ஏன் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. காலநிலை மாநாடுகளில் இந்தியா அதை விடாமல் கேட்கவும் வேண்டும். ஆனால், ஒரு குடிசைக்கு விளக்கும் காற்றும் கிடைப்பதற்காக எரியும் கரிக்குத்தான் அந்த நியாயம் பொருந்தும். யாருக்கும் பயன்படாமல் வீணாகும் மின்சாரத்துக்குப் பொருந்தாது.

அந்த விரயம் நம் தலைக்கு மேலேயே சுழல்கிறது. சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கிறது. பிஎல்டிசி மோட்டார் பொருத்தியது ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தால் சுடும். வேகத்தைக் குறைத்தால் மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி அங்கே சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடும் விசிறியை மாற்றினால் 135 யூனிட் மிச்சம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஒரே விசிறியில் 95 கிலோ குறையும். சூரிய மின்சாரம் பெருகுகிறதே, எல்லாம் தானாகச் சரியாகிவிடாதா? விசிறி அதிகம் ஓடுவது நாம் தூங்கும்போது. அந்நேரத்தில் சூரியத் தகடுகள் ஓய்ந்திருக்கும். பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் அனல்மின் நிலையங்களே.

பிஎல்டிசி விசிறியின் விலை அதிகம் என்பதுதான் வலுவான மறுப்பு. தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், சிறு குடும்பத்துக்குப் புது விசிறியால் மிச்சமாகும் பணமும் சொற்பம். ஆனால், இலவச யூனிட்டுக்கான பணத்தை அரசுதான் மானியமாகத் தருகிறது. அது குறைந்தால் ஆதாயம் அரசுக்கு; விசிறியின் விலையில் ஒரு பங்கை அரசே ஏற்பதுதான் சரியான கணக்கு. முன்னுதாரணமும் இருக்கிறது. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 310 ரூபாயாக இருந்த எல்இடி பல்பின் கொள்முதல் விலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது; 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. வீட்டுக்கு வீடு விலையில்லா மின்விசிறி கொடுத்த மாநிலம் இது. வசதியுள்ளவர்கள் அடுத்த விசிறியை வாங்கும்போது ஐந்து நட்சத்திரக் குறி பார்த்து வாங்கட்டும். மற்றவர்களுக்கு அதே விசிறியை மானிய விலையில் தரும்படி, ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் எல்லோரும் சேர்ந்து கேட்போம்.