கீரிப்பிள்ளையும் சவரப் பிரஷும்

காப்பியமும் கவிதையும் பேசுகின்ற நம் மன்ற இதழில் சவரப் பிரஷுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் விடையையும் பொறுமையோடு கேட்டுவிட வேண்டும். நம்மில் பலர் காப்பியத்தைத் தொடுவது தேர்வு நெருங்கும்போது. கன்னத்தைத் தொடுவதோ நாள்தோறும். நாள்தோறும் செய்கின்ற ஒரு காரியத்தில் நல்லது எது, தீயது எது என்று எண்ணிப் பார்ப்பதும் கல்வியின் பயன்தானே?

கல்யாணில் குடியிருந்துகொண்டு மும்பைக்குப் படிக்க வரும் மாணவனின் காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். 1854-ஆம் ஆண்டிலேயே தாணாவிலிருந்து இருப்புப்பாதை நீண்டு வந்து சேர்ந்த ஊர் எங்கள் ஊர். அதனால் வண்டிக்குக் குறைவில்லை. வண்டியில் இடத்துக்குத்தான் குறை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நின்றுகொண்டே வர வேண்டும். அதற்கு முன் சாலில் உள்ள பொதுக் குழாயடியில் பல் தேய்த்து, முகம் மழித்து, குளித்து முடிக்க வேண்டும். பின்னால் நாலு பேர் வாளியோடு நிற்பார்கள். இந்த நிலையில் கிண்ணம் ஒரு கையில், பிரஷ் ஒரு கையில் என்று நுரை கடைந்துகொண்டிருக்க முடியுமா? முடியாது. ஆகவே நான் கைக்கொண்ட வழி, முகத்திலேயே நுரை எழுப்புவது. ஈரக் கன்னத்தில் சிறிது கிரீமைத் தடவி, நனைத்த பிரஷால் வட்டமிட்டுத் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் நுரை பொங்கிவிடும். பிரஷ் சுழலச் சுழல மயிரும் நனைந்து நிமிர்ந்து நிற்கும். பிளேடு சிக்காமல் ஓடும். கிண்ணம் வேண்டாம்; பிறருக்கு இடைஞ்சலும் இல்லை.

ஆனால் இந்த முறைக்கு எல்லாப் பிரஷும் ஒத்துவராது. கிண்ணத்தில் கடையும் பிரஷுக்கு மயிர் நீண்டு, தளர்ந்து இருந்தாலும் பாதகமில்லை. முகத்தில் நுரை எழுப்பும் பிரஷோ அடர்த்தியாக இருக்க வேண்டும். மயிர் சற்றுக் குட்டையாக இருக்க வேண்டும். அழுத்தினால் வளைந்து, விட்டால் நிமிர வேண்டும். கைப்பிடியில் பதித்த மயிர்க்கட்டின் குறுக்களவு 22 முதல் 26 மில்லிமீட்டர் வரையிலும், வெளியே தெரியும் மயிரின் உயரம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டரும் இருந்தால் பெரும்பாலான முகங்களுக்குப் பொருந்தும். இதைவிடப் பெரிதானால் நுரை மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் குடியேறும். நீளம் மிகுந்தால் பிரஷ் குழைந்து விழும்; கை சொன்னபடி கேட்காது. முனை குத்தவும் கூடாது. முகப்பரு உள்ள இளைஞர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இந்தக் குணங்களெல்லாம் ஒருங்கே அமைந்தது பேட்ஜர் மயிர் என்று பெயர் பெற்றுவிட்டது. பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழ்கின்ற, இரவில் இரை தேடுகின்ற ஒரு பிராணி. அதன் மயிர் நீரைப் பிடித்து வைக்கும். நுனி மெல்லியதாக இருக்கும். தண்டு உறுதியாக இருக்கும். பிரெஞ்சு மொழியில் பேட்ஜருக்கும் சவரப் பிரஷுக்கும் பெயர் ஒன்றே, 'பிளேரோ' என்பது. அவ்வளவு பழைய உறவு! கடைக்காரர்கள் இதிலே 'பியூர்', 'பெஸ்ட்', 'சூப்பர்', 'சில்வர்டிப்' என்று படிகள் வகுத்திருக்கிறார்கள். மலிவான 'பியூர்' கருமை மிகுந்து சற்றுக் குத்தும். விலை உயர்ந்த 'சில்வர்டிப்' நுனி வெளுத்துப் பஞ்சுபோல் இருக்கும். ஆனால் இந்தப் பெயர்களுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் ஒன்றும் கிடையாது. ஒருவர் 'பெஸ்ட்' என்பதை மற்றொருவர் 'சூப்பர்' என்று விற்கலாம். கேட்பார் இல்லை.

இந்தப் பெயருக்கு மயங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைப்பானேன்? சென்ற ஆண்டு உதவித்தொகை கைக்கு வந்ததும் ஒரு கடையில் நுழைந்து பேட்ஜர் பிரஷ் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, பட்டுத்துணி விரித்துக் காட்டினார். "அசல் மால் தம்பி, வெளியிலே கிடைக்காது" என்றார். சாம்பல் நிறம், கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக மயிர். விலையோ மூன்று மாத சீசன் டிக்கெட்டை விழுங்கிவிடும். வாங்கிவிட்டேன். மறுநாள் பெருமையோடு விலங்கியல் படிக்கும் நண்பனிடம் காட்டினேன். அவன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "டேய், இது கீரி மயிராகவும் இருக்கலாமே!" என்றான். சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அன்று மாலை நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. கீரியின் மயிரும் கருமையும் வெண்மையும் மாறி மாறி வருவதுதான், உறுதியானது, நீர் பிடிப்பது. அதனால் ஓவியத் தூரிகைக்கும் சவரப் பிரஷுக்கும் அதை நாடுகிறார்கள். ஒரு கீரியிடம் கிடைப்பது சில பத்துக் கிராம் மயிரே. ஒரு கிலோ சேர்க்க எத்தனை உயிர் போக வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைக் கொல்வதும், அதன் மயிரை விற்பதும் வாங்குவதும் குற்றம். இருந்தும் வியாபாரம் நடக்கிறது. 2019-ஆம் ஆண்டில் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடத்திக் கீரி மயிர்த் தூரிகைகளைக் கைப்பற்றியது. கள்ளத்தனமாகக் கொல்லப்பட்ட உயிரின் மயிர் நல்ல பெயரைப் போர்த்திக்கொண்டு கடைக்கு வருவதில் வியப்பென்ன?

என் பிரஷ் கீரியா, பேட்ஜரா? வெறுங்கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்றான் நண்பன். மயிரின் மேல் உள்ள செதில் அமைப்பையும் உள்ளே ஓடும் நடுத்தண்டையும் நுண்பெருக்கியில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். கடைக்குத் திரும்பிப் போய், "ஐயா, இது எந்தப் பிராணியின் மயிர்? எங்கிருந்து வந்தது? சீட்டு ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். "மயிர் மயிர்தான் தம்பி. நுரை வருதா, அதைப் பாருங்க" என்றார். அந்தப் பதிலிலேயே எனக்குப் போதிய விடை கிடைத்துவிட்டது.

"சரி, கீரி வேண்டாம். சந்தேகமில்லாத கடையில் உண்மையான பேட்ஜரே வாங்கினால் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த மயிரில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அந்நாட்டுப் பேட்ஜரைக் காக்கிறது. ஆனால் வேறு நாட்டுப் பேட்ஜரின் மயிரில் செய்த பிரஷ் அந்நாட்டுக் கடையிலேயே விற்பனையாகிறது. தன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நீதி, அயல் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நீதி! 2018-ஆம் ஆண்டில் பீட்டா என்னும் விலங்கு நல அமைப்பு, சீனப் பண்ணைகளில் பேட்ஜர்கள் சிறு கூண்டுகளில் அடைபட்டுக் கிடப்பதையும் கொல்லப்படுவதையும் படம் பிடித்து வெளியிட்டது. அவ்வமைப்பின் எல்லாக் கருத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணால் கண்டதை மறுப்பதெப்படி? கன்னத்தில் இரண்டு நிமிடம் படும் மென்மைக்கு இவ்வளவு விலை வேண்டுமா என்பதே என் கேள்வி.

வேறு வழி இல்லையா? உண்டு. பன்றி மயிர்ப் பிரஷ் மலிவு; விறைப்பும் அதிகம். பயன்படுத்துமுன் சில நிமிடம் நீரில் ஊற வேண்டும்; சில வாரம் பழகியபின் நுனி பிளந்து மென்மை வரும். ஆனால் நம்மிடையே பன்றி மயிரைத் தொட மனமில்லாத நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மனத்தையும் மதிக்க வேண்டும். குதிரை மயிர் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பிடரியிலும் வாலிலும் கத்தரித்து எடுக்கலாம். உயிர் போக வேண்டியதில்லை. ஆனால் அதற்கும் ஒரு பழைய கதை உண்டு. முதல் உலகப் போரின்போது பேட்ஜர் மயிர் வரத்துத் தடைப்பட்டதால், குதிரை மயிரைப் பேட்ஜர் மயிர்போல் தோன்றச் செய்து விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்தப் பிரஷ்களால் பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் நோய் தொற்றிச் சிலர் இறந்தும் போனார்கள். பொய்ப் பெயரில் விற்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல என்பதற்கு இதுவே சான்று. தீங்கு குதிரையால் வரவில்லை, போலியால் வந்தது.

என் கருத்தில், முகத்தில் நுரை எழுப்பும் மாணவனுக்கு ஏற்றது செயற்கை இழைப் பிரஷ்தான். முன்பு வந்த நைலான் பிரஷ் துடைப்பம்போல் இருந்தது உண்மை. இப்போது வருகின்ற நுண்ணிழை அப்படியல்ல. நுனி மென்மையாகவும் தண்டு துள்ளலாகவும் இருக்கிறது. ஊற வைக்க வேண்டியதில்லை. கிரீமும் குறைவாகவே செலவாகும். எல்லாவற்றிற்கும் மேலாக, விரைவில் உலர்ந்துவிடும். ஆடி மாதத்தில் கல்யாணில் மூன்று நாள் விடாமல் மழை பெய்யும்போது கொடியில் போட்ட சட்டையே காய்வதில்லை. அடர்ந்த மயிர்ப் பிரஷ் எங்கே காயும்? பூஞ்சணம் பிடித்து நாறும். செயற்கை இழையில் அந்தத் தொல்லை குறைவு. "அது பிளாஸ்டிக் ஆயிற்றே!" என்பீர்கள். ஆம். குறைதான். ஆனால் ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஒரு பிரஷ் பல ஆண்டு உழைக்கும். வாரத்துக்கு ஒன்று தூக்கியெறிகின்ற பொருளோடு அதைச் சேர்க்கலாகாது.

வாங்கும்போது செய்ய வேண்டியது எளிது. பிரஷைப் புறங்கையில் அழுத்திச் சுழற்றிப் பாருங்கள். குத்தினால் வேண்டாம், துவண்டால் வேண்டாம். மயிரை விரலால் கோதுங்கள். கொத்தாக உதிர்ந்தால் திருப்பிக் கொடுங்கள். கைப்பிடி ஈரக் கையில் வழுக்காமல் இருக்க வேண்டும். பயன்படுத்தும்போது அழுத்தித் தேய்க்காமல், முதலில் வட்டமாகவும் பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் மேலும் கீழுமாகவும் ஓட்டுங்கள். டாங்கர் நீரும் ஆழ்குழாய் நீரும் கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரியும். அது பிரஷின் குற்றமன்று. ஒரு குவளை நகராட்சிக் குழாய் நீரைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நன்றாக அலசி, உதறி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். உயிர் நண்பனாக இருந்தாலும் பிரஷை மட்டும் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

காப்பியத்தில் தொடங்கினேன், அங்கேயே முடிக்கிறேன். பிள்ளையைக் காத்த கீரியின் கதை நமக்குப் பாட்டி சொன்ன கதை. தொட்டிலை நெருங்கிய பாம்பைக் கொன்று, இரத்தம் தோய்ந்த வாயோடு தாயை எதிர்கொண்டு ஓடிற்று கீரி. குழந்தையைக் கொன்றுவிட்டதாக எண்ணிய தாய் அதை அடித்துக் கொன்றாள். உள்ளே போய்ப் பார்த்த பிறகு அழுதாள். சிலப்பதிகாரத்திலும் இந்தக் கதையின் எதிரொலி உண்டு. கீரியைக் கொன்ற பழியால் கணவன் பிரிந்துபோகத் தவித்த ஒரு பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்துத் துயர் தீர்த்ததை, அடைக்கலக் காதையில் மாடலன் எடுத்துச் சொல்கிறான். ஒரு கீரியைக் கொன்றதைக்கூட ஒரு குடும்பம் உடையும் அளவுக்குப் பெரும் பழியாகக் கருதிய மக்கள் நம் முன்னோர். அதைக் கீரி என்று மட்டும் சொல்லாமல் கீரிப்பிள்ளை என்று சொல்லி மகிழ்ந்தவர்கள்.

அந்தத் தாய் செய்த குற்றம் கொடுமை அன்று; விசாரிக்காமல் செய்தது. நாமும் விசாரிக்காமல்தான் வாங்குகிறோம். அவளுக்காவது கணநேரத்துக் கலக்கம் இருந்தது. கடை வாசலில் நிதானமாக நின்று பேரம் பேசும் நமக்கு என்ன கலக்கம்? ஆகவே, நண்பர்களே, அடுத்த முறை பிரஷ் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்த உயிரின் மயிர்?" நேரான விடை கிடைத்தால் யோசியுங்கள். கிடைக்காவிட்டால் பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்குங்கள்.

என் பழைய பிரஷ் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அது பேட்ஜரா, கீரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டு வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.