பதில் சொல்லாத பக்கத்தால் பயனில்லை



2023 ஓகஸ்ட்டில் எல்கடுவ, ரத்வத்தை தோட்டத்தில் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிகக் குடியிருப்பு உடைத்தெறியப்பட்டதை நாம் மறக்கவில்லை. கைத்தொலைபேசியில் பதிவாகாதிருந்தால் அது அந்தத் தோட்டத்தோடு முடிந்த கதையாகியிருக்கும். காணொளி பரவியது, பாராளுமன்றம் வரை பேச்சானது. சமூக ஊடகத்தின் பலத்தை அன்று கண்டோம். பரபரப்பு அடங்கியதும் அதன் எல்லையையும் கண்டோம். காணிக்கும் வீட்டுக்கும் காத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் காத்துத்தான் நிற்கின்றன.

2018 ஒக்டோபர் 24 ஆம் திகதியும் அப்படித்தான். மலையக இளைஞர்கள் முகநூல் வழியே ஒருவரையொருவர் அழைத்து, கறுப்பு உடையணிந்து காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கேட்டது 1000 ரூபா அடிப்படைச் சம்பளம். 2019 ஜனவரி கூட்டு ஒப்பந்தம் தந்தது 700 ரூபா. 1000 ரூபா நாட்சம்பளம் 2021 இல்தான், அதுவும் வர்த்தமானி மூலம் வந்தது. பிழை அந்தப் பிள்ளைகளுடையதல்ல. திரண்டவர்களை மறுநாளும் சேர்த்து வைத்திருக்கத் தெரியாத சங்கங்களுடையது. அதில் நாமும் அடக்கம்.

கோ. நடேசய்யர் காலத்தில் மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். கூட்டம் கலைந்த பிறகும் தொழிலாளியைச் சேர்த்து வைக்க ஓர் அமைப்பு வேண்டும் என்பதை நடேசய்யர் அறிந்திருந்தார். 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். பாட்டு அழைத்தது, சங்கம் தாங்கியது. முகநூல் நமக்கு இன்றைய பாட்டு. அதுவே சங்கமாகிவிடாது.

நமது பக்கத்தைத் திரும்பிப் பார்த்தோம். பிறந்தநாள் வாழ்த்தும் மாலை மரியாதைப் படங்களும் நிறைந்திருந்தன. சேமலாப நிதியைப் பற்றி ஓர் அக்கா கேட்ட கேள்வி மூன்று வாரமாகப் பதிலின்றிக் கிடந்தது. டேட்டா கார்டுக்குக் கைக்காசைச் செலவழித்து நம்மிடம் வந்தவர் அவர். வெட்கப்பட்டோம்.

ஆகவே சில முடிவுகள். கேட்கப்படும் கேள்விக்கு இரண்டு நாளுக்குள் பதில். தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்வோம் என்ற பதிலாவது. வாரம் ஒரு முறை சம்பளச் சீட்டு, சேமலாப நிதி, சேவைக்காலப் பணம், பிரசவ விடுமுறை ஆகியவற்றில் ஒன்றுக்கு எளிய விளக்கம். அயல் கிராம மக்களும் அறிய, முக்கிய பதிவுகள் சிங்களத்திலும். அழுகிற தாயின் முகத்தையோ பிள்ளையின் முகத்தையோ அவர்கள் சம்மதமின்றிப் போடமாட்டோம். நாளை அதே துரையிடம் வேலை கேட்டு நிற்கப்போவது அவர்கள்தான். உறுதிப்படுத்தாத செய்தி வட்ஸ்அப்பில் எத்தனை பேர் அனுப்பினாலும் பகிரமாட்டோம். போன் இல்லாதவர்களுக்காக அதே விளக்கத்தைத் தோட்டத் தலைவிமார் பிரட்டுக்களத்தில் வாசித்துச் சொல்வார்கள்.

எத்தனை லைக் என்று இனி எண்ணப்போவதில்லை. பக்கத்தில் கேள்வி கேட்டவர்களில் எத்தனை பேர் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தார்கள் என்பதே நமது கணக்கு.

இம்மாதச் சம்பளச் சீட்டு கிடைத்ததும், பெயரையும் இலக்கத்தையும் மறைத்துப் படம் எடுத்து சங்கத்துக்கு அனுப்புங்கள். கழித்த தொகை ஒவ்வொன்றும் எதற்கு என்று சேர்ந்து பார்ப்போம். அங்கிருந்து தொடங்குவோம்.