புதுக்கோட்டைப் பெண்கள் அழுகை கேட்கவில்லை

சென்ற இதழில் வந்த தொலைக்காட்சித் தொடர்கள் பற்றிய கட்டுரை எனக்குக் கடும் கோபத்தை உண்டாக்கியது. ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் இரவுச் சமையலை முடித்துவிட்டுத் தொடர் பார்க்க உட்காரும் பெண்களுக்கு அழுகிற நாயகிதான் வேண்டும், அவளை மிதிக்கிற வில்லன்தான் வேண்டும், அதற்கு மேல் எழுதினால் அவர்களுக்குப் புரியாது என்று அதில் அடித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. சாட்சிக்கு ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரனை இழுத்திருக்கிறார் கட்டுரையாளர். ஊரே அந்த வில்லனைக் கொண்டாடியதே, பிறகு என்ன குறை என்பது அவர் கேள்வி. எழுதுகிறவனின் சோம்பலுக்குப் பார்க்கிறவள் தலையில் பழி போடுகிறார். அதைத் தவிர இந்த வாதத்தில் சரக்கு எதுவும் இல்லை.

குணசேகரனையே எடுத்துக்கொள்வோம். திருச்செல்வம் இயக்கத்தில் 2022 முதல் 2024 வரை சன் டிவியில் ஓடிய தொடர் அது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியிலேயே முடக்கிவைக்கும் வீடு. அந்த வீட்டுக்கு மூத்தவர் குணசேகரன். அந்த வேடத்தில் மாரிமுத்து கத்தியதைத்தான் ஜனங்கள் ரசித்தார்கள் என்று கட்டுரையாளர் நம்புகிறார். கத்துகிற வில்லனுக்கு நம் தொடர்களில் என்றைக்குப் பஞ்சம் இருந்தது? அவர்களில் எத்தனை பேரின் பெயர் இன்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறது? தான் நியாயஸ்தன் என்று மனதார நம்புகிற ஒருவனை மாரிமுத்து நம் கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தார். தம்பிகளை ஆளாக்கியது நான், இந்தக் குடும்பத்தைக் கட்டிக் காப்பது நான், என் சோற்றைத் தின்றுவிட்டு என்னையே கேள்வி கேட்பதா என்ற நினைப்பு அவர் நாற்காலியில் சாய்கிற சாய்விலேயே தெரிந்தது. ‘இந்தாம்மா ஏய்’ என்று அவர் குரல் கொடுத்தபோது பல வீடுகளில் ஒரு பெரியப்பாவின் முகமோ மாமனாரின் முகமோ வந்துபோனது. பெண்கள் சிரித்தது, அந்த ஆளை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால். 2023 செப்டம்பர் 8 அன்று அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரிமுத்து சரிந்து விழுந்து இறந்தபோது, சொந்தக்காரர் போன மாதிரி கலங்கியவர்களும் அதே பெண்கள்தான். மிதிக்கிற காலை யாரும் அப்படி நினைத்து அழமாட்டார்கள்.

அந்தத் தொடர் சறுக்கிய இடத்தைக் கட்டுரையாளர் பார்க்கவே இல்லை. சறுக்கல் நாயகி ஜனனியிடம் இருக்கிறது. குணசேகரனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, ஒரு பயம் இருந்தது, சொத்து கைநழுவினால் தன் மூச்சே போய்விடும் என்கிற தவிப்பு இருந்தது. ஜனனிக்கு வசனம் மட்டும் இருந்தது. அவள் ஒரு வாரம் எதிர்த்துப் பேசி ஜெயிப்பாள், மறுவாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மற்ற மருமகள்களான ஈஸ்வரியும் ரேணுகாவும் நந்தினியும் அடுப்படியில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சுக்காகவே தொடரை விடாமல் பார்த்த பெண்களை எனக்குத் தெரியும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே புருஷனை எடைபோடுகிற அந்தப் பேச்சில் உயிர் இருந்தது. நாயகிக்கும் அதைக் கொடுத்திருந்தால் தொடர் எங்கேயோ போயிருக்கும்.

எங்கள் பெண்களுக்கு இதற்கு மேல் புரியாது என்கிறவர் புதுக்கோட்டையில் ஒரு நாடகத்தையாவது விடியவிடியப் பார்த்திருக்க வேண்டும். நாடக நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிற ஊர் இது. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசை நாடகத்துக்குக் கோயில் திருவிழாவில் இன்றும் பந்தல் போடுகிறார்கள். ‘வள்ளி திருமணம்’ போட்டால், தினைப்புனம் காக்கிற வள்ளியிடம் நாரதர் வந்து வாதுக்கு நிற்பார். அந்தத் தர்க்கம் மணிக்கணக்கில் போகும். நாரதர் மடக்குவார், வள்ளி திருப்பி மடக்குவாள். வள்ளி வேடம் கட்டுகிற நடிகையின் திறமையைக் கூட்டம் அங்கேதான் அளக்கிறது. பாய் விரித்து, பிள்ளையை மடியில் தூங்கப் போட்டு, கண் கொட்டாமல் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது யார்? மறுநாள் இரவு தொடர் பார்க்கிற அதே பெண்கள்.

நாயகி அழக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘அரிச்சந்திரா’ மயான காண்டத்தில் சந்திரமதி அழுகிறாள். பெற்ற பிள்ளையின் பிணத்தை எரிக்கக் காசில்லாமல், சுடலை காக்கிற புருஷனிடமே கெஞ்சி நிற்க வேண்டி வரும்போது அழுகிறாள். அந்த அழுகை எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். தொடர் நாயகி எதற்கு அழுகிறாள்? கதவுக்குப் பின்னால் நின்று பாதி பேச்சைக் கேட்டுவிட்டு அழுகிறாள். ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்டால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு ஆறு வாரம் அழுகிறாள்.

வேலை செய்கிற பெண்ணின் கையைப் பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் ஆதனக்கோட்டையில் இறங்கினால், வறுத்த முந்திரிக்கொட்டையைத் தட்டி உடைத்துப் பருப்பெடுக்கிற பெண்கள் இருப்பார்கள். தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலை அரித்துக் கருக்கிவிடும். பருப்பு முழுசாக வந்தால் ஒரு விலை, உடைந்தால் ஒரு விலை; ஆகவே அடி அளவாக விழ வேண்டும். பேசிக்கொண்டே அடிப்பார்கள், கண் கொட்டையை விட்டு நகராது. அந்தக் கருத்த விரல்களைக் கேமரா ஒருமுறை கிட்டத்தில் காட்டினால், பக்கம் பக்கமாக வசனம் எழுத வேண்டியதில்லை. நம் தொடர்களில் கிராமத்து நாயகிக்குத் தொழில் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வேலை செய்யாத ஒருத்திக்கு முடிவெடுக்கும் இடமே கதையில் அமையாது. முடிவெடுக்காதவள் அழத்தான் செய்வாள்.

1991இல் இந்த மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதையும் கட்டுரையாளர் மறந்துவிட்டார். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் மிதித்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகத்துக்கே சொன்னார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. தொடர்காரர்கள் கையில் இந்தக் கதை சிக்கினால் முறுக்கு மீசைக்காரன் ஒருவன் ராத்திரியில் வந்து டயரைக் கிழிப்பான். உண்மையில் அந்தப் பெண்களுக்கு எதிரே நின்றது டீக்கடை பெஞ்சின் அசிங்கப் பேச்சு. அதைவிடக் கடினமானது வீட்டுக்குள் இருந்தது. தங்கச்சிமேல் உயிரையே வைத்திருக்கிற அண்ணன், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கூசி, ‘வேண்டாம் ஆத்தா, இறங்கிடு’ என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? அடிக்க வருகிறவனை எதிர்ப்பது சுலபம். சோறு ஊட்டி வளர்த்த கையை விலக்கிவிட்டுப் பெடலை மிதிப்பதற்குத்தான் ஒரு நாயகி வேண்டும்.

எதிராளியை எப்படி எழுதுவது என்று தெரிய வேண்டுமா? இந்த மண்ணிலேயே பாடம் கிடக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். 1912இல் டாக்டர் ஆனார், 1927இல் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அங்கே அவரை எதிர்த்தவர் சத்தியமூர்த்தி. 1887இல் திருமயத்தில் பிறந்தவர். ஒரே சமஸ்தானத்து மண், ஏறக்குறைய ஒரே வயது.

சத்தியமூர்த்தியை நான் வில்லன் என்று சொல்லவில்லை. சிறை சென்றவர், காமராசருக்கு வழிகாட்டியவர், நாடக மேடையில் நடித்தவர், சங்கீதத்தில் தோய்ந்தவர். தேவதாசிகள் கலையைக் காத்தவர்கள், சமயத்தில் சட்டம் தலையிடக் கூடாது என்று அவர் வாதாடினார். அவர் சொன்னது தவறு என்றே நான் கருதுகிறேன். சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடுவதற்கு எந்தக் கலையும் சமாதானம் ஆகாது. ஆனால் அவர்கள் கலையைக் காத்தவர்கள் என்ற பேச்சில் ஒரு உண்மை இருந்தது. அந்த முறை முடிந்து, தேவதாசிகள் ஆடிய சதிர் மேடையிழந்தபின், விராலிமலை முருகன் கோயிலில் ஆடிய பரம்பரையில் வந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல்தான் பத்மஸ்ரீ கிடைத்தது. அத்தனை காலம் அந்தக் கலையைத் தன் உடம்பில் வைத்துக் காத்தவர் அவர். 1930இல் காந்தி கைதானபோது முத்துலட்சுமி தன் சட்டமன்றப் பதவியைத் தூக்கி எறிந்ததையும் சேர்த்துப் பாருங்கள். சபைக்குள் மோதிக்கொண்ட இருவரும் சபைக்கு வெளியே ஒரே பக்கம் நிற்கிறார்கள். முத்துலட்சுமியின் பெருமை இதனால் கூடுகிறது. முட்டாளை ஜெயித்தவள் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அறிவும் நேர்மையும் நாவன்மையும் உள்ள ஒருவர் எதிரே எழுந்து நின்றபோதும் பின்வாங்காதவர் அவர். எதிராளியைச் சின்னவனாக எழுதுகிற ஒவ்வொரு தடவையும் நாயகியும் சின்னவளாகிறாள். தொடர் எழுதுகிறவர்கள் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருப்பது இதைத்தான்.

தினமும் ஒரு எபிசோடு கொடுக்க வேண்டியிருக்கிறது, நுணுக்கத்துக்கு நேரம் ஏது என்று கட்டுரையாளர் கடைசியில் கைவிரிக்கிறார். அதே திருச்செல்வம் 2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’ கொடுத்தார், ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுகளுக்கு மேல். தேவயானி நடித்த அபிக்குக் கட்டுமானத் தொழில் இருந்தது, கொடுத்து முடிக்க வேண்டிய வேலை இருந்தது. அவளை எதிர்த்த ஆதியின் வெறுப்புக்கு ஒரே அப்பாவுக்கு இரண்டு வீடு என்கிற வேர் இருந்தது. அந்தத் தொடரிலும் இழுவை உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் இந்த இரண்டு பேரையும் இன்றுவரை ஜனங்கள் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். அதுவும் தினமும் ஒளிபரப்பான தொடர்தான்.

கட்டுரையாளருக்கு ஒரு கதைக்களம் தருகிறேன். 1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் கல்குவாரிகள், அவற்றில் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. கான்ட்ராக்டர்கள் சும்மா இருக்கவில்லை. அப்படி ஒரு கான்ட்ராக்டரை எழுதட்டும். கல் உடைக்கிற ஒருத்தியின் மகள் சடங்குக்கு முன்பணம் கொடுத்தவன், அவள் புருஷன் செத்தபோது மாலையோடு வந்து நின்றவன், இவர்களுக்குச் சோறு போடுவது தான்தான் என்று சத்தியமாக நம்புகிறவன். குத்தகைக் காகிதத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன கையில் அந்தக் கடனை எண்ணி எடுத்துக்கொண்டு அவள் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் காட்சியில் இருவரும் என்ன பேசுவார்கள் என்பதை எழுதிக் காட்டிவிட்டு, எங்கள் பெண்களுக்கு எது புரியும் எது புரியாது என்று அவர் பேசட்டும்.