சிறு தொழிலும் பெரிய சட்டமும்

‘சிறிய, நடுத்தரத் தொழில்கள்’ என்ற சொற்றொடரை உச்சரிக்காத அரசியல்வாதி இன்று இலங்கையில் இல்லை. வரவு செலவுத் திட்ட உரையில் அது முழங்குகிறது. வங்கி விளம்பரத்தில் மின்னுகிறது. வர்த்தகர் சங்கங்களின் மகஜரில் முதல் வரியாக நிற்கிறது. ‘நாட்டின் முதுகெலும்பு’ என்று அதற்கு ஒரு பட்டமும் சூட்டியிருக்கிறார்கள். பொருத்தமான பட்டந்தான். முதுகு சுமப்பதற்கே உரியது. உண்ணும் வாய் வேறிடத்தில் இருக்கிறது!

இச்சொற்றொடருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சிறியவர், மற்றவர் நடுத்தரர். இருவரையும் ஒரே பெயர் சொல்லிப் பந்திக்கு அழைத்து, ஒருவருக்கு மட்டும் இலை போடுவதே நம் நாட்டுச் சட்டங்களின் வழக்கமாக இருந்துவருகிறது. சிறியவருக்காக என்று சொல்லி இயற்றப்படும் சட்டம் சிறியவர் வீட்டு வாசலை எட்டுவதில்லை. இக்குற்றச்சாட்டை வெறும் ஆவேசத்தால் அல்ல, சட்ட ஏடுகளைக் கொண்டே நிறுவ விரும்புகிறோம்.

முதலில், சிறியவர் யார்? தெற்கே கல்லாற்றுப் பக்கமிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதன் கீழ்க்கரை எழுவான்கரை, மேற்கரை படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் தோணியில் சென்று இறாலும் நண்டும் பிடித்து விற்பவர், எருமைத் தயிரைச் சட்டிகளில் உறையவிட்டுச் சந்தைக்கு அனுப்புபவர், பன் வெட்டிக் காயவைத்துப் பாய் இழைப்பவர், வீட்டுத் திண்ணையில் தறி போட்டிருப்பவர், மரமுந்திரிக் கொட்டை உடைப்பவர், விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்: இவர்களே சிறியவர்கள். இவர்களில் மிகப் பலர் பெண்கள். இவர்களுக்குத் தொழிற்சாலை இல்லை, வீடே தொழிற்சாலை. கணக்கர் இல்லை, நினைவே கணக்கேடு.

இனி அரசின் ஏட்டைத் திறப்போம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கைச் சட்டகம், 300 தொழிலாளர் வரை வேலை செய்யும், ஆண்டுக்கு 75 கோடி ரூபா வரை விற்பனையாகும் உற்பத்தி நிறுவனத்தையும் ‘சிறிய, நடுத்தர’ என்ற வகுப்பிலேயே சேர்க்கிறது. பத்துப் பேருக்கு மேற்படாத, ஒன்றரைக் கோடி ரூபாவுக்கு உட்பட்ட தொழிலுக்கு ‘நுண்தொழில்’ என்று பெயர். நாம் மேலே சொன்ன வாவிக்கரை மக்கள் எல்லோரும் இந்த ‘நுண்’ணுக்குள் அடங்குபவர்கள். அவர்களைப் பற்றி அந்த ஏடு என்ன சொல்கிறது? நுண்தொழில்களும் இக்கொள்கையின் ஆதரவுக்கு உரியனவாகக் கொள்ளப்படும் என்கிறது. அந்த ‘உம்’மைக் கவனியுங்கள்! எண்ணிக்கையில் எல்லோரினும் மிகுந்தவர்களுக்குக் கிடைத்த இடம் ஓர் இடைச்சொல்!

‘உம்’மின் விலை என்ன என்பதைப் பராட்டேயின் கதை காட்டும்.

பராட்டே என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். கடன் தவறியவரின் ஈடு வைத்த காணியையும் கட்டடத்தையும் நீதிமன்றத்தின் வாசலை மிதிக்காமலே, பணிப்பாளர் சபையின் ஒரு தீர்மானத்தைக் கொண்டு வங்கி ஏலம் போடும் அதிகாரம் அது. 1990-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டம் இவ்வதிகாரத்தைத் தனியார் வங்கிகளின் கைகளிலும் கொடுத்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, கடன்பட்ட தொழில்கள் மூச்சுத் திணறின. ஏல அறிவித்தல்கள் பத்திரிகைகளை நிறைத்தன. எதிர்ப்பு வலுத்தது. 2024-இல் பாராளுமன்றம் பராட்டேயை டிசம்பர் 15 வரை நிறுத்திவைத்தது. பின்னர் அத்தடை 2025 மார்ச் 31 வரை நீட்டப்பட்டது. ‘சிறு தொழிலைக் காத்துவிட்டோம்’ என்று மேடைகள் அதிர்ந்தன.

அந்நிறுத்தம் நியாயமானதே, அதை நாம் குறை கூறவில்லை. கடன் வாங்கி நெல் ஆலை நிறுவியவன் நாட்டின் நிதி நெருக்கடிக்குக் காரணனல்லன். அவனுடைய ஆலை ஏலம் போகாதது நன்று. ஆனால் ஒரு கேள்வி. பராட்டேயால் சிறியவருக்கு என்றைக்கு ஆபத்து இருந்தது? மூலத்தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்குப் பராட்டேயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டுத் திருத்தமே விதித்திருக்கிறதே! இடியப்பம் அவிப்பவள் 50 இலட்சம் கடன்பட்டாளா? பாய் இழைப்பவள் கடன்பட்டாளா? அவளுக்கு வங்கி 50 ஆயிரம் கொடுக்கவே தயங்குகிறது. ஆக, சிறியவரின் பெயரால் எழுந்த முழக்கம் நடுத்தரரின் நெல் ஆலையைக் காத்தது. அதற்குமேல் உள்ளவரின் விடுதியையும் காத்தது. சிறியவருக்கு அதில் ஒரு காசு நிவாரணமும் இல்லை.

அப்படியானால் சிறியவரின் கடன்காரர் யார்? இங்கேதான் ‘நுண்’ என்ற அடைமொழி முழு வலிமையோடு வருகிறது. தொழிலோடு அச்சொல்லைச் சேர்த்து ஒரு சட்டம் செய்ய ஆட்சியாளருக்கு நேரம் கிடைக்கவில்லை. கடனோடு அது ஒட்டிக்கொண்டது. நுண்கடன்!

1978 நவம்பரில் சூறாவளி வாவிக்கரையைச் சாய்த்தது. பின்னர் போர் வந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. தோணியும் தறியும் மாடும் ஒருமுறையல்ல, பலமுறை அழிந்த மண் இது. போர் ஓய்ந்ததும் முதல் தேடியவர்களிடம் வங்கி கேட்டது உறுதி. படுவான்கரையில் பலருடைய காணி 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் இருப்பது. விரும்பியபடி ஈடு வைக்க முடியாதது. அசையும் பொருளைப் பிணையாக வைத்துக் கடன் பெற வழி வகுப்பதாகச் சொல்லி 2009-இல் 49-ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தோணியையும் வலையையும் தறியையும் பிணையாக ஏற்றுக் கடன் கொடுத்த வங்கிகள் எத்தனை? வங்கி கதவைச் சாத்திய இடத்தில் நுண்கடன் கம்பனி கதவைத் தட்டியது. உறுதி வேண்டாம், அயல் வீட்டுப் பெண்களே பிணை என்றது. 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு இரு கரைகளும் இணைந்தன. நெல்லும் தயிரும் அக்கரையிலிருந்து எளிதாக வந்தன. கிழமைதோறும் தவணை வசூலிப்பவரின் மோட்டார் சைக்கிளும் அக்கரைக்கு எளிதாகப் போனது.

குழுக்கடனின் கொடுமையை அறியாதார்க்குச் சொல்கிறோம். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். கட்டும்வரை கூட்டம் கலையாது. கடன் தவறியவளின் மானத்தைக் கவர அயலாரே ஏவப்படுகிறார்கள். பராட்டேயாவது காணியை ஏலம் போடும். இது உறவை ஏலம் போடுகிறது. 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகஸ்லாவ்ஸ்கி, வசூலிப்போர் பெண்களுக்கு இழைக்கும் வன்முறையை வெளிப்படையாகவே கண்டித்தார்.

சட்டம் என்ன செய்தது? 2016-ஆம் ஆண்டின் 6-ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம், பொதுமக்களிடம் வைப்புப் பணம் திரட்டிக் கடன் கொடுக்கும் கம்பனிகளுக்கு உரிமம் வகுத்தது. வைப்புத் திரட்டாமல் கடன் மட்டும் கொடுப்பவன் அதன் எல்லைக்கு வெளியே நின்றான். பணம் போட்டவரைக் காத்த சட்டம், கடன்பட்டவளைக் காணவில்லை! 2018-இல் வறட்சியுற்ற மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன் நிலுவைகளை அரசு ஏற்றது. அவ்வாண்டு இறுதியில் வட்டிக்கு 35 சதவீதம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு கட்டியது. நூற்றுக்கு முப்பத்தைந்து! எந்த நடுத்தரத் தொழிலதிபராவது இவ்வட்டியைச் சலுகையென்று ஏற்பாரா? அவ்வரம்பும் மத்திய வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களையே கட்டியது. வெளியே நின்றவன் வெளியேதான் நின்றான். 2023-இல் நுண்நிதிக்கென்று ஒழுங்காணையம் அமைக்கும் மசோதா வந்தபோது, கம்பனிகளோடு கிராமத்துச் சிறு சங்கங்களையும் அது ஒரே வலையில் வாரிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. சிறுமீன் தப்பவேண்டுமென்று வலைக்கண்ணுக்கு அளவு வைப்பது மீன்பிடிச் சட்டத்தின் நியாயம். நிதிச் சட்டத்தின் நியாயமோ தலைகீழ்.

நம்மை மறுப்போர் இரண்டு வாதங்களைச் சொல்வர். ‘பெண்கள் தொழிலுக்கென்று வாங்கிக் கலியாணத்துக்கும் வைத்தியத்துக்கும் செலவழித்தனர், அறியாமையே காரணம்’ என்பது ஒன்று. வீடும் தொழிலும் ஒன்றாயுள்ள இடத்தில் பிள்ளையின் காய்ச்சல் தொழிலின் நட்டமே. பெரிய கம்பனி நட்டப்பட்டால் அதற்குக் ‘கடன் மறுசீரமைப்பு’. சிறியவள் நட்டப்பட்டால் அதற்கு ‘அறியாமை’! ‘கடன் கொடுப்போரை நெருக்கினால் கடனே கிடைக்காது’ என்பது மற்றொன்று. பராட்டே நிறுத்தப்பட்டபோது வங்கிகள் சொன்னதும் இதுவே. வைப்பாளரின் பணம் பாதுகாக்கப்பட வேண்டியதுதான். ஆயினும், 35 சதவீதத்தில் மட்டுமே கிடைக்கும் கடன் தொழிலை வளர்க்கும் கடன் அன்று. தொழிலைத் தின்னும் கடன். அது கிடைக்காமற் போவதைவிடக் கிடைப்பதில் நட்டம் அதிகம்.

பிற நாடுகள் இச்சிக்கலைக் கண்டன. 1963-இல் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அடிப்படைச் சட்டம் இயற்றிய ஜப்பான், 2014-இல் மிகச் சிறிய தொழில்களுக்கென்று தனியே வேறோர் அடிப்படைச் சட்டம் இயற்றியது. ஐம்பது ஆண்டு அனுபவத்தின் பின் அந்நாடு கற்ற பாடம் இது: ஒரே பெயரின் கீழ் சேர்த்தால் சிறியவர் மறைந்துபோவர். இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், சிறு தொழிலிடம் பொருள் வாங்கியவன் 45 நாளுக்குள் பணம் கட்டவேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி செலுத்தவேண்டும் என்கிறது. அங்கும் நிலுவை ஒழிந்துவிடவில்லை. ஆயினும் கேட்கும் உரிமை ஏட்டில் இருக்கிறது. நம் 2006-ஆம் ஆண்டுத் தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமோ ஓர் அதிகாரசபையைத் தந்தது. தயிர்ச் சட்டியைக் கடைக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காசுக்கு அலைபவளுக்கு அத்தகைய உரிமை ஒன்றையும் தரவில்லை.

ஆகவே நாம் கோருவது சலுகை அன்று. பத்துப் பேருக்கு உட்பட்ட தொழிலுக்குத் தனிச் சட்டம் வேண்டும். அரசின் கடனிலும் கொள்வனவிலும் நடுத்தரர் தொடமுடியாத தனிப் பங்கு வேண்டும். கொடுத்த பொருளுக்கு நாள் குறித்த விலை வேண்டும். வைப்புத் திரட்டினாலும் திரட்டாவிட்டாலும், கடன் கொடுக்கும் கம்பனி எதுவாயினும், ஒரே நியாயமான வட்டி வரம்பு வேண்டும். ஒருத்தியின் தவணைக்கு அயலாளைத் தண்டிப்பது குற்றமாக வேண்டும். தோணியும் தறியும் அனுமதிப்பத்திரமும் கடனுக்குப் போதிய ஆதாரமென்று வங்கிகள் கட்டாயம் ஏற்க வேண்டும். 1911 முதல் இந்நாட்டில் சட்டத்தின் துணையோடு வாழ்ந்துவரும் கூட்டுறவை, சிக்கனக் கடனுதவிச் சங்கங்களை, அரச முதல் கொண்டு உயிர்ப்பிக்க வேண்டும். அவற்றின் வட்டி உறுப்பினர்களிடமே திரும்புகிறது, கொழும்புக்குப் போவதில்லை.

இனி எவரேனும் ‘சிறிய, நடுத்தரத் தொழில்’ என்று மேடையில் முழங்கினால், வாவிக்கரை மக்களே, ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “ஐயா, நடுத்தரருக்கு என்ன செய்தீர் என்பதை அறிவோம். சிறியவருக்கு என்ன செய்தீர்?” சட்டத்தின் இலக்கத்தோடும் பிரிவோடும் விடை வரும்வரை அவரை மேடையை விட்டு இறங்க விடாதீர்கள்.