கமக்காரன் கண்ணும் காலதாமதமும்

கண்ணில் சதை வளர்ந்தால், "வயலில் நிற்பவர்களுக்கு வருவதுதானே" என்று இருந்துவிடுவது நம் கிராமங்களின் வழக்கம். பெரும்பாலும் அது சரியே. வெயிலாலும் தூசியாலும் வளரும் அச்சதை உயிரைக் கொல்வதன்று. ஆயினும் வெண்விழியும் கருவிழியும் கூடும் அதே ஓரத்தில், ஏறக்குறைய அதே தோற்றத்துடன் புற்றுநோயும் முளைப்பதுண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது வைத்தியருக்கே எளிதன்று.

சூரியனின் புறஊதாக் கதிர்கள் இந்நோய்க்கு முக்கிய காரணம். பூமத்தியரேகையிலிருந்து 10 பாகை விலகுந்தோறும் இது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறதென 1996இல் வெளியான ஆய்வொன்று கண்டது. எயிட்ஸ் கிருமியும் சேர்ந்துகொண்ட கிழக்கு ஆபிரிக்காவில் நோய் பெருகியது. நம் நாட்டில் அக்கிருமி அரிது, வெயில் அரிதன்று. இலங்கை கிடப்பது 6 முதல் 10 பாகைக்குள்.

அரிய நோய்தானே என்று அதிகாரிகள் கூறக்கூடும். அரியதுதான், ஆனால் வேளைக்குக் கண்டால் தீர்ப்பதும் மலிவு. கென்யாவில் நடந்து 2016இல் வெளியான சோதனையில், சத்திரசிகிச்சைக்குப் பின் 5-புளோரோயுராசில் சொட்டுமருந்தை நான்கு வாரம் இட்டவர்களுள் நூற்றுக்கு 11 பேருக்கே ஓராண்டில் நோய் திரும்பிற்று. மருந்தில்லாச் சொட்டு இட்டவர்களுள் 36 பேருக்கு. அது பழைய மருந்து, விலை குறைந்த மருந்து. பிந்தினாலோ, கண்குழியையே வெறுமையாக்க நேரிடும்.

பிந்துவது ஏன்? முல்லைத்தீவுக் கமக்காரன் கொழும்புக் கண் வைத்தியசாலைக்கு வருவதானால் இரவு பஸ், வெள்ளவத்தையில் உறவினர் வீடு அல்லது கொட்டாஞ்சேனையில் வாடகை அறை, கூடவரும் மகனின் கூலி நட்டம். இலவச வைத்தியம் வைத்தியசாலை வாசலுக்கு உள்ளேதான் இலவசம். ஆகவே அறுவடை முடியட்டும் என்கிறான்.

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு வைத்தியசாலைகளின் கண் பிரிவுகளில் அகற்றப்படும் சதை ஒவ்வொன்றும் ஆய்வுகூடத்துக்குச் செல்ல வேண்டும். சொட்டுமருந்து அங்கேயே கிடைக்க வேண்டும். சம்மதப் பத்திரம் தமிழில் இருக்க வேண்டும். தமிழையும் நிர்வாக மொழியாக்கிய 16ஆவது திருத்தம் 1988இலேயே நிறைவேறிவிட்டது. விளங்காத மொழியில் வாங்கிய கையொப்பம் சம்மதமாகாதென்பதைச் சட்டம் படித்தோருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் சுகாதார அமைச்சின் நிதி ஒதுக்கீடு எடுக்கப்படும் நாளில் நம் பிரதிநிதிகள் இதனை எழுப்புவார்களாக.